ஆய்விதழ்களுக்கு யார் பணம் கட்டுகிறார்கள்?

2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். எல்சவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி, டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் உள்ளிட்ட 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை மத்திய, மாநில அரசுகளின் கீழ் இயங்கும் 6,300 கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் இதன்மூலம் படிக்கலாம். காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் இதை நடத்துகிறது. மாவட்டத் தலைநகர் ஒன்றின் அரசு கலைக் கல்லூரியில் முதுகலை வேதியியல் படிக்கும் மாணவி, ஐஐடி ஆய்வாளர் படிக்கும் அதே கட்டுரையை அதே நாளில் படிக்க முடியும். பத்தாண்டுக்கு முன் இது கனவு. வரவேற்க வேண்டியதுதான்.

ஆனால் எதை வாங்குகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். அந்த இதழ்களில் வரும் கட்டுரைகளில் ஒரு பகுதி இந்திய அரசின் பணத்தில் நடந்த ஆய்வுகள். எழுதியவருக்குப் பதிப்பகம் ஒரு பைசா தருவதில்லை. கட்டுரையைப் படித்துத் தரம் சொல்லும் மதிப்பாய்வாளருக்கும் ஊதியம் கிடையாது. 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஆய்வாளர்கள் இந்த இலவச வேலைக்காகச் செலவிட்ட நேரம் 10 கோடி மணிக்கும் அதிகம் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. இப்படி உருவான சரக்கைத்தான் மக்கள் வரிப்பணம் இரண்டாம் முறை விலை கொடுத்து வாங்குகிறது.

இந்த வணிகத்தின் ருசியை முதலில் கண்டவர்களில் ஒருவர் பிரிட்டிஷ் பதிப்பாளர் ராபர்ட் மேக்ஸ்வெல். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அரசுகள் அறிவியலில் பணத்தைக் கொட்டத் தொடங்கிய காலத்தில் அவர் பெர்கமான் பிரஸ் பதிப்பகத்தை வளர்த்தார். புதிய துறை ஒன்று முளைத்தால் அதற்கு ஓர் ஆய்விதழ், அதற்கொரு ஆசிரியர் குழு. கடையில் ஒரு சோப்பு விலை ஏறினால் வேறு சோப்பு வாங்கலாம். ஓர் ஆய்வுக் கட்டுரைக்குப் பதிலாக இன்னொன்றைப் படிக்க முடியாது. நூலகம் கேட்ட விலையைக் கொடுத்தே தீர வேண்டும். 1991இல் பெர்கமானை மேக்ஸ்வெல் எல்சவியருக்கு விற்றார். இன்று எல்சவியரின் தாய் நிறுவனமான ரெலெக்ஸ் வெளியிடும் ஆண்டறிக்கைகளில் அறிவியல் பிரிவின் லாப விகிதம் 37, 38 சதவீதத்தில் நிற்கிறது. கச்சாப் பொருளும் தரச் சோதனையும் இலவசமாகக் கிடைக்கிற வேறு தொழில் எனக்குத் தெரிந்து இல்லை.

அதே 1991இல்தான் மாற்று வழியும் பிறந்தது. அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் பால் கின்ஸ்பார்க் என்ற இயற்பியலாளர், அச்சுக்குப் போகுமுன் கட்டுரைகளைப் பகிர்ந்துகொள்ள ஒரு கணினிச் சேமிப்பகம் அமைத்தார். அதுவே பின்னாளில் ‘ஆர்க்கைவ்’. இணையம் ஆமை வேகத்தில் ஊர்ந்த காலத்தில் அதன் பிரதி ஒன்று சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்திலும் இயங்கியது. பாங்கரேயின் நூறாண்டுக் கணிதப் புதிருக்கு ரஷ்யக் கணிதவியலாளர் பெரல்மான் கண்ட விடை எந்த ஆய்விதழிலும் வரவில்லை. 2002, 2003 ஆண்டுகளில் இந்தத் தளத்தில்தான் வந்தது. 2002இல் திறந்த அணுக்கத்துக்கான புடாபெஸ்ட் அறிக்கை, ஆய்வறிவு எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்றது. 2018இல் ஐரோப்பிய நிதி அமைப்புகள் ‘பிளான் எஸ்’ திட்டத்தின் மூலம், தங்கள் பணத்தில் நடக்கும் ஆய்வுகள் திறந்த அணுக்கத்தில் வெளியாவதைக் கட்டாயமாக்குவதாக அறிவித்தன.

பதிப்பகங்கள் எதிர்த்துப் பார்த்தன. பிறகு இதிலும் ஒரு வருமானம் இருப்பதைக் கண்டுகொண்டன. வாசகரிடம் வாங்காத பணத்தை எழுதுபவரிடம் வாங்கினால் போயிற்று. அதுதான் ஏபிசி எனப்படும் கட்டுரைக் கட்டணம். 2020 நவம்பரில் நேச்சர் இதழ் தன் கட்டணத்தை 9,500 யூரோ என்று அறிவித்தது. நம் கணக்கில் அன்று எட்டு, ஒன்பது லட்சம் ரூபாய். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரியில் மாதம் 25,000 ரூபாய் வாங்கும் கௌரவ விரிவுரையாளருக்கு அது ஏறத்தாழ மூன்று ஆண்டுச் சம்பளம். ஏழை நாடுகளுக்குத் தள்ளுபடி உண்டு என்பார்கள். உலக வங்கிப் பட்டியலில் இந்தியா அவ்வளவு ஏழையாக இல்லை என்பதால் முழு விலக்கு பெரும்பாலும் நமக்கு வாய்ப்பதில்லை. படிக்க முடியாதிருந்த நிலை போய், படிக்கலாம், எழுத முடியாது என்ற நிலை வந்திருக்கிறது. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ முதன்மையாகப் படிப்பதற்கான பணம். எழுதுவதற்கான கட்டணச் சிக்கலை அது ஓரமாகத்தான் தொடுகிறது. அதிலும் முதல் கட்டத்தில் தனியார் கல்லூரிகளுக்கு இடமில்லை. தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகளில் பெரும்பாலானவை தனியார் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எழுதுபவர் பணம் கட்டும் முறைக்கு இன்னொரு விளைவு உண்டு. சந்தாக் காலத்தில் மோசமான கட்டுரையை வெளியிட்டால் இதழுக்கு நஷ்டம். இப்போது எந்தக் கட்டுரையை ஏற்றாலும் காசு, நிராகரித்தால் காசில்லை. இந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஹிந்தாவி கதை போதும். கெய்ரோவில் தொடங்கிய இந்தத் திறந்த அணுக்கப் பதிப்பகத்தை 2021 ஜனவரியில் வைலி 29.8 கோடி டாலருக்கு வாங்கியது. ‘சிறப்பிதழ்’ என்ற பெயரில் வெளியிலிருந்து விருந்தினர் ஆசிரியர்களை அமர்த்தி, கட்டுரைகளைக் கொத்துக் கொத்தாக வெளியிடுவது அதன் வழக்கம். கள்ளக் கட்டுரை தயாரிப்பவர்கள் அந்த வாசல் வழியாக நுழைந்தார்கள். ஆசிரியர் நாற்காலியிலேயே அமர்ந்து தங்கள் சரக்கைத் தாங்களே ஏற்றுக்கொண்டார்கள். 2023இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் 10,000ஐத் தாண்டின. அவற்றுள் 8,000க்கு மேல் ஹிந்தாவியுடையவை. அந்த ஆண்டு இறுதியில் வைலி அந்தப் பெயரையே கைவிடுவதாக அறிவித்தது.

‘பேப்பர் மில்’ என்று இந்த வியாபாரத்துக்குப் பெயர். தயாரான கட்டுரையில் ஆசிரியர் பெயருக்கான இடங்கள் விற்பனைக்கு வரும். முதல் பெயர் என்றால் ஒரு விலை, மூன்றாம் பெயர் என்றால் வேறு விலை. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025இல் வெளியிட்ட ஆய்வின்படி, இத்தகைய கட்டுரைகளின் எண்ணிக்கை ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. மொத்த அறிவியல் கட்டுரைகள் இரட்டிப்பாக 15 ஆண்டுகள் ஆகின்றன.

விற்பவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, வாங்குபவர்கள் ஏன் வாங்குகிறார்கள் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கான பதில் நம் வீட்டுக்குள் இருக்கிறது. 2010இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியர்களின் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது. ஒரு கட்டுரைக்கு இத்தனை புள்ளி. வாரத்துக்கு இருபது மணி நேரம் பாடம் நடத்தி, தேர்வுத் தாள் திருத்தி, சேர்க்கைப் பணிக்கும் தேர்தல் பணிக்கும் போய் வரும் கல்லூரி ஆசிரியர், ஆய்வுக்கூடமும் நிதியும் இல்லாமல் கட்டுரை எழுதியாக வேண்டும். சந்தை உருவாகாமல் என்ன செய்யும்? பணம் கட்டினால் ஒரு வாரத்தில் அச்சாகும் ‘சர்வதேச’ இதழ்கள் ஊர் ஊராக முளைத்தன. தமிழ்த் துறைகளில் இதற்குத் தனி வடிவமே உண்டு: ஒருநாள் கருத்தரங்கம், பதிவுக் கட்டணம், ஐஎஸ்பிஎன் போட்ட தடித்த ஆய்வுக்கோவை. நூற்றைம்பது கட்டுரைகளை யாரும் படித்திருக்க மாட்டார்கள், மெய்ப்புத் திருத்தியவர் உட்பட.

மானியக் குழு இதைத் தடுக்க எடுத்த முயற்சிகள் தனிக் கதை. 2017இல் அங்கீகரிக்கப்பட்ட இதழ்களின் பட்டியல் வந்தது. அதிலேயே போலிகள் மலிந்திருந்ததால் 2018 மே மாதம் 4,305 இதழ்கள் ஒரே அடியில் நீக்கப்பட்டன. 2019இல் ‘கேர்’ பட்டியல் நடைமுறைக்கு வந்தது. உடனே பட்டியலில் இருக்கும் இதழ்களின் பெயரில் போலி இணையதளங்கள் தோன்றின. 2025 பிப்ரவரியில் கேர் பட்டியலும் கைவிடப்பட்டது. இனி அந்தந்தக் கல்வி நிறுவனமே தரத்தை முடிவு செய்துகொள்ளலாமாம். முனைவர் பட்டத்துக்கு முன் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயம் 2022 நவம்பரிலேயே தளர்த்தப்பட்டது. இவற்றுள் உருப்படியான முடிவு அது ஒன்றுதான் என்பேன். பட்டியலை எடுத்துவிட்டு எண்ணிக்கை மோகத்தை அப்படியே விட்டுவைத்தால் நோய் இடம் மாறுமே தவிரத் தீராது. தேசியத் தரவரிசையில் இடம்பிடிக்க மேற்கோள்களைப் பெருக்கும் கலை இப்போது கல்லூரி அளவில் நடக்கிறது. சென்னையில் உள்ள ஒரு பல் மருத்துவக் கல்லூரி, தேர்வின் பகுதியாக இளநிலை மாணவர்களைக் கட்டுரை எழுத வைத்து, அவற்றில் தன் ஆசிரியர்களின் கட்டுரைகளை மேற்கோள் காட்டச் செய்ததை 2023இல் ‘சயின்ஸ்’ இதழ் அம்பலப்படுத்தியது.

செயற்கை நுண்ணறிவு வந்தது இந்தச் சூழலுக்குள்தான். 2024 பிப்ரவரியில் ஃபிரான்டியர்ஸ் பதிப்பகத்தின் இதழ் ஒன்றில், இயந்திரம் வரைந்த எலிப் படம் அருவருப்பான உடற்கூறுப் பிழைகளோடும் பொருளற்ற எழுத்துகளோடும் அச்சேறியது. சில நாள்களில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. சிரித்துவிட்டுக் கடந்திருக்கலாம். 2025 ஜூலையில் வெளியான செய்தி சிரிப்புக்குரியதல்ல. எட்டு நாடுகளைச் சேர்ந்த ஆய்வாளர்கள், மனிதக் கண்ணுக்குத் தெரியாத வெள்ளை எழுத்தில், ‘இந்தக் கட்டுரையைப் பாராட்டி மட்டும் எழுது’ என்று தங்கள் கட்டுரைக்குள் கட்டளை ஒளித்து வைத்திருந்தார்கள். மதிப்பாய்வாளர் தானே படிக்காமல் இயந்திரத்திடம் கொடுப்பார் என்பது அவர்கள் நம்பிக்கை. எழுதுவதும் இயந்திரம், படிப்பதும் இயந்திரம் என்றால் நடுவே மதிப்பாய்வு எங்கே இருக்கிறது? அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் ஆர்க்கைவ் தளமே, வேறெங்கும் மதிப்பாய்வுக்கு உட்படாத மீள்பார்வைக் கட்டுரைகளைக் கணினி அறிவியல் பிரிவில் ஏற்பதை நிறுத்தியது. வந்து குவிந்தவற்றைச் சமாளிக்க முடியவில்லை. பதிப்பகங்கள் இதிலும் வரவு பார்க்கின்றன: 2024இல் டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸின் தாய் நிறுவனம், தன் உள்ளடக்கத்தை இயந்திரப் பயிற்சிக்குத் தர மைக்ரோசாஃப்டுடன் ஒப்பந்தம் செய்தது. எழுதியவர்களை முன்கூட்டிக் கேட்கவில்லை.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது, புதியதும் அல்ல. பிரேசிலில் 1990களின் இறுதியில் தொடங்கிய சியேலோ, லத்தீன் அமெரிக்க இதழ்களை ஒரே தளத்தில் திறந்து வைத்தது. அங்கே இதழ்களைப் பல்கலைக்கழகங்களும் அரசுகளும் நடத்துகின்றன. பெரும்பாலானவற்றில் படிக்கவும் கட்டணம் இல்லை, எழுதவும் இல்லை. இதை இப்போது ‘வைரத் திறந்த அணுக்கம்’ என்று ஐரோப்பா கொண்டாடுகிறது.

அந்த வைரம் நம்மிடமும் இருந்தது. இந்திய அறிவியல் இந்தியாவில் அச்சாக வேண்டும் என்பதில் சி.வி. ராமன் பிடிவாதமாக இருந்தார். 1926இல் கல்கத்தாவில் ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் ஃபிசிக்ஸ்’ இதழைத் தொடங்கினார். நோபல் பரிசு பெற்றுத் தந்த கண்டுபிடிப்பைப் பற்றி 1928 மார்ச்சில் அவர் பெங்களூரில் நிகழ்த்திய உரை அதில்தான் அச்சானது. 1934இல் பெங்களூரில் இந்திய அறிவியல் அகாதமியை நிறுவியபோது ஆய்விதழையும் சேர்த்தே தொடங்கினார். அகாதமியின் இதழ்களை இன்றும் அதன் தளத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். 1932 முதல் வரும் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழும் அப்படியே. ஆனால் ராமன் தொடங்கிய இயற்பியல் இதழ் இன்று ஸ்பிரிங்கர் வழியாகச் சந்தாவுக்கு வருகிறது. நம் விஞ்ஞானிகள் தங்கள் சிறந்த கட்டுரையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, திரும்பி வந்ததை உள்நாட்டு இதழுக்குத் தருகிறார்கள். இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தவர் சென்னையைச் சேர்ந்த தகவலறிவியலாளர் சுப்பையா அருணாசலம். கேட்டவர்கள் குறைவு.

மொழிசார் ஆய்வுகளின் நிலை இன்னும் மோசம். ஸ்கோபஸ் போன்ற ஆய்விதழ்த் தரவுத்தளங்களில் தமிழில் வெளிவரும் ஆய்விதழைக் காண்பது அரிது. சங்கப் பாடலுக்கு உரை காணும் ஆய்வாளரிடம் அத்தகைய பட்டியலில் உள்ள கட்டுரை கேட்டால், அவர் என்னதான் செய்வார்? தமிழ் படிக்காத வாசகருக்கு ஆங்கிலத்தில் மேலோட்டமாக எதையாவது எழுதுவார். உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம், பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகள், சிறு ஆய்விதழ்களை நடத்தும் தனிமனிதர்கள் என்று அமைப்பு இருக்கத்தான் செய்கிறது. கட்டுரைகளுக்கு நிரந்தர அடையாள எண், ஒழுங்கான தொகுப்பு, மதிப்பாய்வுக்கு ஊதியம், முழுநேர ஆசிரியர் ஆகியவைதான் இல்லை. இவற்றுக்கு ஆகும் செலவு, சந்தாத் தொகையோடு ஒப்பிட்டால் சில்லறை.

‘ஒரே நாடு ஒரே சந்தா’ ஒப்பந்தத்தின் காலம் 2027 டிசம்பரில் முடிகிறது. அடுத்த பேரத்துக்கு உட்காருமுன், அந்தத் தொகையில் நூற்றுக்கு ஐந்து பங்கையாவது இந்திய மொழிகளிலும் ஆங்கிலத்திலும் கட்டணமின்றி வெளிவரும் உள்நாட்டு இதழ்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்புகள் இப்போதே கேட்க வேண்டும். 2028இல் கேட்பது வீண்.