வேனுக்கும் வாசற்படிக்கும் நடுவே

கல்வராயன் மலையில் சாராய ரெய்டு நடந்த மறுநாள் பேப்பரில் வரும் படத்தை எங்கள் ஊரில் யாரும் உற்றுப் பார்த்ததில்லை. ஓடையோரம் கவிழ்ந்த பிளாஸ்டிக் பேரல், மண்ணில் ஓடும் ஊறல், பின்னால் விறைத்து நிற்கும் போலீசார். ஆள் பிடிபட்டிருந்தால் துண்டால் முகத்தை மூடியிருப்பார். எடுத்த படமல்ல, நிறுத்திவைத்த படம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகுதான் அந்தப் பேரல்களைக் கொஞ்சம் நின்று பார்த்தோம்.

தண்டனை நாளில் கோர்ட் வாசலில் எடுக்கும் படம் வேறு ஜாதி. அங்கே யாரும் போட்டோகிராபருக்காக நிற்பதில்லை. நம் விசாரணை நீதிமன்றங்களுக்குள் கேமராவை விடமாட்டார்கள். தீர்ப்பைக் கேட்டபோது முகம் எப்படிப் போயிற்று என்பது உள்ளே இருந்தவர்களோடு சரி. ஜெர்மனியின் போட்டோகிராபர் எரிச் சாலமன் 1920-களின் இறுதியில் தொப்பிக்குள் கேமராவை ஒளித்துக்கொண்டு போய் கோர்ட்டுக்குள்ளேயே எடுத்தார். நம்மவர்களுக்கு வாய்ப்பது வேன் கதவிலிருந்து வாசற்படி வரை. இருபதடி இருந்தால் அதிகம். அதற்குள் எதிர்வெயில், டிவிக்காரர்களின் மைக், குறுக்கே வரும் கறுப்புக் கோட்டு எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டும். காலையிலிருந்து டீக்கடையில் காத்திருந்தது அந்தப் பத்து நொடிக்காகத்தான்.

முகத்தை மூடுபவரைவிட, முகத்தைத் தருபவரை எடுப்பது கடினம் என்பேன். தலித் இளைஞர் கோகுல்ராஜ் கொலை வழக்கில் 2022 மார்ச் 8 அன்று மதுரை சிறப்பு நீதிமன்றம் சாகும்வரை சிறையில் இருக்கும்படி ஆயுள் தண்டனை விதித்த சாதி அமைப்புத் தலைவர் யுவராஜை எடுத்துக்கொள்ளுங்கள். தலைமறைவாக இருந்தபோதே வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியவர். 2015-ல் நாமக்கல்லில் சரணடைய வந்தபோது ஆதரவாளர் கூட்டமும் கூடியது. இப்படிப்பட்டவருக்குக் கேமரா எங்கே இருக்கிறதென்று சொல்லித்தர வேண்டுமா? மீசையும் சிரிப்புமாக அவர் தரும் முகத்தை அப்படியே எடுத்தால், அது அவர் எடுத்த படம். போட்டோகிராபர் விரலைக் கடன் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

தேர்ந்தவர்கள் அதனால் கையைப் பார்ப்பார்கள். கைவிலங்கை வழக்கமாகப் பூட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980-ல் சொன்னது. காவலர் கைதியின் விரல்களைத் தன் விரல்களோடு கோத்துக்கொண்டு நடப்பதை இங்கே எத்தனையோ படங்களில் பார்க்கலாம். தேர் பார்க்கத் தம்பியைக் கூட்டிப்போகிற மாதிரி இருக்கும். நகம் வெளுக்கும் அளவு இறுகியிருப்பது உற்றுப் பார்த்தால்தான் தெரியும். சிரிக்கிற முகம் மேலே. இறுகிய விரல்கள் கீழே. இரண்டும் ஒரே பிரேமில் விழுந்தால் அந்தப் படத்துக்குத் தலைப்பே வேண்டாம்.

எனக்குத் தெரிந்த ஒருவர், துண்டு போட்டு மூடிய ஆள் வந்தால் கேமராவை முழங்காலுக்குக் கீழே இறக்கிவிடுவார். அப்படி எடுத்த ஒன்றை என்னிடம் காட்டினார். பளபளக்கும் இரண்டு ஜோடி பூட்ஸ். நடுவே வெறும் கால், குதிகால் வெடிப்பில் மலைச் செம்மண். பேப்பரில் அது வரவில்லை.