உடை பற்றிய இரண்டு விதிகள்

கி.பி. 1215 நவம்பரில் போப் மூன்றாம் இன்னசென்ட் ரோமாபுரியில் கூட்டிய நான்காம் லாத்தரன் சங்கம் என்றதும், அங்கு விடுக்கப்பட்ட சிலுவைப் போர் அழைப்பே நம் நினைவில் முந்தி நிற்கிறது. அது இயல்பே. நானூறுக்கும் மேற்பட்ட ஆயர்கள் குழுமிய அச்சங்கத்தின் எழுபது விதிகளையும் வரிசையாக வாசிப்போருக்கோ, அவற்றின் கடுஞ்சொற்கள் பெரிதும் சொந்தக் குருமாரை நோக்கியே வீசப்பட்டிருப்பது தெரியவரும்.

17ஆம் விதியைப் பாருங்கள். பாதி இரவை விருந்திலும் வீண்பேச்சிலும் கழித்து, விடியற்காலைப் பறவைகளின் ஒலிக்கும் எழ மாட்டாமல் கிடக்கும் குருமாரை அது வருணிக்கிறது. ஆண்டுக்கு நான்கு முறை பூசை செய்வதே அரிதானவர்களும் அதில் இடம்பெறுகின்றனர். சட்டமொழியில் இத்துணைக் கண்கூடான சித்திரம் அபூர்வம். 11ஆம் விதியின் வாய்மையும் குறிப்பிடத்தக்கது: ஏழை மாணவர்க்கு இலவசமாகக் கற்பிக்க ஆசிரியரை நியமிக்குமாறு 1179ஆம் ஆண்டுச் சங்கம் இட்ட ஆணை பல தேவாலயங்களில் மதிக்கப்படவில்லை என்று அதுவே ஒப்புக்கொள்கிறது.

எனினும் 66ஆம் விதியில் அக்கை தளர்ந்துவிடுகிறது. அடக்கத்திற்கும் திருமண ஆசிக்கும் குருமார் பணம் பறிப்பதைக் கண்டிக்கும் அவ்விதி, அதே மூச்சில், வழக்கமான காணிக்கைகள் தொடர வேண்டும் என்கிறது. மறுக்கும் பாமரரை ஆயர் அடக்கவும் இடமளிக்கிறது. கட்டணத்திற்குக் காணிக்கை என்று பெயர் சூட்ட எவருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்?

இதற்கு நேர்மாறானது 18ஆம் விதி. நெருப்பாலும் நீராலும் குற்றத்தைச் சோதிக்கும் வழக்கத்திற்குக் குருமார் ஆசி வழங்கலாகாது என்றது அது. நான்கே ஆண்டுகளில், 1219இல், இங்கிலாந்தின் அரசவை அச்சோதனைகளைக் கைவிட நேர்ந்தது. நடுவர் குழு முறை அங்கு வேரூன்றியதில் இதற்குப் பெரும் பங்குண்டு. சீர்திருத்தம் உபதேசத்தோடு நில்லாமல் ஓர் அமைப்பின் ஆதாரத்தையே உருவியதால் விளைந்த பயன் இது.

இனி, உடைக்கு வருவோம். 16ஆம் விதி குருமாருக்குச் சிவப்பு, பச்சைத் துணிகளையும் ஆடம்பரக் கையுறைகளையும் தடுக்கிறது. 68ஆம் விதி, யூதரும் முஸ்லிம்களும் உடையால் வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்கிறது. அறியாமல் கலப்புறவு நேர்ந்துவிடும் என்பது அது கூறும் காரணம். இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரே மனப்பாங்கு புலப்படும்: கண்ட மாத்திரத்தில் மனிதனின் தரம் தெரிந்துவிட வேண்டும். ஆனால் குருவுக்கு உடை அவன் ஏற்ற பணியின் அடையாளம். மற்றவர்க்கோ அவர் கேளாது சுமத்தப்பட்ட இழிவு. இவ்வேறுபாட்டைச் சங்கம் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. நாமும் கை கழுவிவிட இயலாது. கி.பி. 850இல் அப்பாஸிய கலீஃபா அல்-முதவக்கில் திம்மிகளுக்குத் தேன் நிற உடையை விதித்தது நம் வரலாற்றிலேயே உள்ளது.

68ஆம் விதி எல்லா இடத்திலும் செல்லுபடியாகவும் இல்லை. அடையாளம் அணிவதைவிட முஸ்லிம்களின் நாட்டிற்குப் போய்விடுவோம் என்று காஸ்டிலிய யூதர்களில் சிலர் கூறினர். அவர்கள் போனால் வருவாய் குறையும் என்று அரசர் மூன்றாம் ஃபெர்டினாண்ட் முறையிட்டார். 1219இல் போப் மூன்றாம் ஹொனோரியஸ் அங்கு அவ்விதியை நிறுத்திவைக்க அனுமதித்தார்.