பத்தரை மணி டாக்ஸி

எங்கள் அரும்பாவூரில் மரச்சிற்பப் பட்டறைகளில் உளிச் சத்தத்தோடு கிரிக்கெட் வர்ணனையும் கேட்கும். போன வாரம் ஒரு பட்டறையில் பேச்சு இலங்கைப் பக்கம் போனது. “அந்த டீம்ல தமிழன்னா முரளிதரன்தான்” என்றார் வாகனக் குதிரை செதுக்கிக்கொண்டிருந்த அண்ணன். பந்துவீச்சுக்குச் சரி, மட்டைக்கு யார் என்று கேட்டேன். யாருக்கும் பெயர் வரவில்லை. சதாசிவம் என்று சொன்னதும் ஓரமாக உட்கார்ந்திருந்த பெரியவர் நிமிர்ந்தார். “பொண்டாட்டியக் கொன்னதா கேஸ் நடந்துச்சே, அவரா தம்பி?”

அவரேதான். எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் வழக்கு ஞாபகம் இருக்கிறது, ரன்கள் மறந்துவிட்டன. எனக்கு இது பொறுக்கவில்லை.

மகாதேவ சதாசிவம் 1915இல் பிறந்தவர். கொழும்பு வெஸ்லி கல்லூரி மாணவர், பிற்காலத்தில் முரளிதரனும் ஆடிய தமிழ் யூனியன் கிளப்பின் ஆட்டக்காரர். 1947இல் நம் சேப்பாக்கத்துக்கு வந்து தென்னிந்திய அணிக்கு எதிராக 215 அடித்தார். 1948 மார்ச்சில் பிராட்மனின் அணி இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில் கொழும்பு ஓவல் மைதானத்தில் ஒரு நாள் ஆட்டம் ஆடியது. அன்று இலங்கையின் கேப்டன் சதாசிவம். அதே மைதானத்தில் 1950இல் காமன்வெல்த் அணிக்கு எதிராக 96. மேற்கிந்தியத் தீவுகளின் பிராங்க் வொரல் இவருடைய ஆட்டத்தை மிக உயரத்தில் வைத்துப் பேசியவர். முதல்தர ஆட்டங்கள் என்று எண்ணினால் மொத்தம் 11தான். 701 ரன்கள், சராசரி 41. இலங்கைக்கு டெஸ்ட் தகுதி கிடையாத காலம் அது. அந்தச் சின்னக் கணக்கை வைத்து அவரை எடைபோடக் கூடாது.

அவருடைய சொத்து ‘லேட் கட்’. பந்து தன்னைக் கடக்கும் வரை காத்திருந்து, மணிக்கட்டைத் தட்டி ‘தேர்ட் மேன்’ பக்கம் அனுப்புகிற அடி. ஒரு கணம் முந்தினால் கேட்ச், ஒரு கணம் பிந்தினால் ஸ்டம்ப். ஆயுள் முழுக்க நேரத்தை நம்பி ஆடிய மனிதரின் உயிரும் கடைசியில் நேரக் கணக்கில்தான் தொங்கியது.

1951 அக்டோபர் 9. கொழும்பு பம்பலப்பிட்டி, செயின்ட் ஆல்பன்ஸ் பிளேஸில் உள்ள வீட்டின் கார் கொட்டகையில் சதாசிவத்தின் மனைவி கழுத்து நெரிக்கப்பட்டு இறந்துகிடந்தார். நான்கு பெண் குழந்தைகளின் தாய். கணவன் மனைவிக்குள் விவாகரத்து வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. அன்று காலை பத்தரை மணியளவில் சதாசிவம் டாக்ஸியில் வீட்டை விட்டுக் கிளம்பியிருந்தார். அவர் கைதானார். வீட்டு வேலைக்குச் சேர்ந்து சில நாட்களே ஆன ஓர் இளைஞனும் கைதானான். பிறகு அரசு அவனுக்கு நிபந்தனையோடு மன்னிப்புக் கொடுத்துத் தன் பக்கச் சாட்சியாக்கியது. ஐயா செய்தார், நான் உதவினேன் என்பது அவன் வாக்குமூலம்.

ஆக, கேள்வி ஒன்றே ஒன்று. உயிர் போனது டாக்ஸி கிளம்புவதற்கு முன்பா, பின்பா?

சதாசிவத்துக்காக வாதாடியவர் கொல்வின் ஆர். டி சில்வா. நம் வாசகர்களுக்கு அவரை அரசியலில் தெரிந்திருக்கும்: 1956இல் சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்து முழங்கியவர், 1972இல் தமிழருக்குக் கசந்த அரசியலமைப்பை வடித்த அமைச்சர். அந்த முரண் தனிக் கட்டுரைக்கு உரியது. நீதிமன்றத்தில் அவர் ஆடியது நான் படித்தவரையில் பொறுமையின் உச்சம். கட்சிக்காரரின் குடி, பெண் உறவு, ஊதாரித்தனம் என்று அரசுத் தரப்பு வீசுவதற்கு நிறைய இருந்தது. அந்தப் பந்துகளை விட்டுவிட்டு, நேரத்தையும் இடத்தையும் பிடித்துக்கொண்டார். கொலை மாடி அறையில் நடந்தது என்றான் சாட்சி. ஸ்காட்லாந்திலிருந்து வரவழைக்கப்பட்ட தடயவியல் மேதை சர் சிட்னி ஸ்மித், இறந்தவரின் உள்ளங்காலில் இருந்த அழுக்கைக் காட்டி, அது சமையலறைத் தரையில் ஒட்டியது என்றார். சாட்சியின் கதை அங்கேயே ஆட்டம் கண்டது.

பிரேதப் பரிசோதனை செய்தவர் பேராசிரியர் ஜி. எஸ். டபிள்யூ. டி சேரம். உடல் எவ்வளவு வேகத்தில் குளிர்கிறது என்பதை வைத்து இறந்த நேரத்தைக் கணக்கிட வேண்டும். குளிர்நாட்டு அளவுகள் வெப்பத் தீவுக்குச் சரிப்படுமா? அவர் தூக்கிலிடப்பட்ட கைதிகளின் உடல் வெப்பத்தை மணிக்கு மணி அளந்து பார்த்தார். அந்த அளவீடுகள் பின்னால் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்து, வெப்பநாட்டுத் தடயவியலுக்குப் பாடமாயின.

1953 மார்ச் 20இல் தொடங்கிய விசாரணை 57 நாள் நடந்தது. நீதிபதி கிரேஷன். ஜூன் 25 அன்று ஜூரிகள் ஒருமனதாக ‘குற்றவாளி அல்ல’ என்றார்கள். இதற்குள் சதாசிவம் சிறையில் இருபது மாதங்களைக் கழித்திருந்தார். உள்ளே போனபோது வயது 36 ஆகப்போகிறது, வெளியே வந்தபோது 38 நெருங்குகிறது. கைக்கும் கண்ணுக்கும் பழக்கம் விட்டுப்போக இது போதும். ஆனாலும் மட்டையைக் கீழே வைக்கவில்லை. சிங்கப்பூர், மலாயா அணிகளுக்குத் தலைமை ஏற்றார். ஊர்பெயர்ந்து ஆடிய அந்த ஆட்டங்களை நான் 215க்குக் குறைவாக மதிக்க மாட்டேன்.

பட்டறைப் பெரியவர் விடவில்லை. “அப்ப யாருதான் தம்பி செஞ்சது?”

அந்தக் கொலைக்காக எவரும் தண்டனை பெறவில்லை. இதைத் துப்பறியும் நாவல்போல ருசித்துப் பேசுவதை நான் ஏற்கவில்லை. நான்கு சிறுமிகள் ஒரே நாளில் தாயை இழந்தார்கள், தந்தையையும் சிறைக்குப் பறிகொடுத்தார்கள். விடுதலைத் தீர்ப்பு அந்தத் தாயைத் திருப்பித் தரவில்லை.

சதாசிவம் 1977 ஜூலையில் காலமானார். 1982 பிப்ரவரியில் இலங்கை தன் முதல் டெஸ்டை ஆடியது, அவர் 96 அடித்த அதே ஓவல் மைதானத்தில்.