ஆப்பிள், புழு, அம்மாச்சி

போன வாரம் தங்கச்சி ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பியிருந்தாள். கர்ப்பிணி ஆப்பிள் சாப்பிட்டால் பேரப்பிள்ளை வரைக்கும் மூளை தேயாதாம், ஆஸ்திரேலியாவில் கண்டுபிடிச்சிருக்காங்களாம். அவள் மகளுக்கு இப்போ அஞ்சாம் மாசம். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "அண்ணே, இது நெசமா? சம்பந்தியம்மா தெனம் ரெண்டு ஆப்பிள் குடுத்தே ஆகணும்னு நிக்கிறாங்க." கொஞ்சம் நிறுத்திட்டு இன்னொரு கேள்வி: "அப்ப அம்மாச்சி சரியாச் சாப்பிடாததாலதான் அம்மாவுக்கு இந்த மறதியா?"

நான் டாக்டர் இல்லை, கோட் எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் இந்த மாதிரி செய்தி வந்தால் மூலக் கட்டுரையைத் தேடிப் படிக்காமல் தூக்கம் வராது.

ஆய்வு உண்மைதான். மெல்போர்ன் மொனாஷ் பல்கலைக்கழகத்தின் ரோஜர் போக்காக் குழு 2023-இல் 'நேச்சர் செல் பயாலஜி' இதழில் வெளியிட்டது. ஆப்பிள் தோலிலும் துளசி இனச் செடிகளிலும் உள்ள உர்சோலிக் அமிலத்தைத் தாய்க்குக் கொடுத்தார்கள். அது குடலில் ஒரு மரபணுவைத் தூண்டுது. ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட் என்ற கொழுப்பு கூடுது. அந்தக் கொழுப்பு கருமுட்டைக்குள் போய்ச் சேருது. பிறகு வரும் தலைமுறையில் நரம்பிழைகள் முறிவது குறையுது. ஒவ்வொரு படியையும் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

தாய் யார் என்பதில்தான் விஷயம். அது ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள சி. எலிகன்ஸ் என்ற புழு. மொத்தம் 302 நரம்பணுக்கள், ஆயுள் இரண்டு மூன்று வாரம். அதிலும், நரம்பிழை சீக்கிரம் முறியும்படி மரபணு மாற்றிய ரகம். தன் முட்டையைத் தானே கருவாக்கிக்கொள்ளும் இருபாலி. நஞ்சுக்கொடி கிடையாது. இந்தப் புழுவுக்குக் கிடைத்த பலனை ஒட்டன்சத்திரத்து மருமகளுக்கு அப்படியே எழுதிவிட்டார்கள். டெஸ்ட் சர்வரில் ஓடினதை நேராக வங்கி சர்வரில் ஏற்றுவது மாதிரி.

சரி, மனிதரில் என்ன தெரியும்?

1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம். ரேஷன் நாளைக்கு 1000 கலோரிக்கும் கீழே போனது. அப்போது கருவில் இருந்தவர்களை 67 வயது வாக்கில் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2018-இல் வந்தது. பஞ்சத்துக்கு முன் பிறந்த ஆண்களோடு ஒப்பிட்டால், கருவின் தொடக்க மாதங்களில் பட்டினியில் சிக்கிய ஆண்களின் மூளை சுமார் 4 ஆண்டு கூடுதலாக மூத்திருந்தது. பெண்களில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. மொத்தமே 118 பேர் என்பதையும் மறக்கக் கூடாது.

நமக்கு இன்னும் பக்கத்தில் மைசூர். ஹோல்ட்ஸ்வொர்த் மருத்துவமனையில் 1934 முதல் 1966 வரை பிறந்த குழந்தைகளின் எடை, நீளம் எல்லாம் ஏட்டில் இருந்தது. அப்படிப் பிறந்தவர்களில் 721 பேரை 55–80 வயதில் தேடிப்பிடித்து நினைவாற்றல் முதலியவற்றைச் சோதித்தார்கள். பிறந்தபோது எடை கூடியிருந்தவர்கள் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள். ஆனால் அவர்களுடைய படிப்பையும் பொருளாதார நிலையையும் கணக்கில் சேர்த்ததும் அந்தத் தொடர்பு வலுவிழந்துவிட்டது.

ஆக, மனிதரில் தென்படுவது பட்டினியும் வறுமையும் பள்ளிக்கூடமும். ஒரு பழம் இல்லை. பஞ்சத்தில் ரேஷனைக் குறைத்தவர் தாய் இல்லை. ஆனால் 'ஆப்பிள் சாப்பிடு' என்று செய்தி சுருங்கும்போது முழுப் பொறுப்பும் அவள் தலையில் விழுது. நாளைக்குப் பேரனுக்கு மறதி வந்தால் பாட்டியைத்தான் கேட்பார்கள். இன்றைக்கே தங்கச்சி கேட்டுவிட்டாள்.

அவளுக்கு இப்படிச் சொன்னேன். அம்மாச்சி கடலைக்காட்டில் களையெடுத்துவிட்டு வந்து, எல்லாரும் சாப்பிட்டது போக மிச்சத்தைக் குடிச்சவங்க. அம்மா அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவங்க. அம்மாவுக்கு எழுபது வயசும் ஆச்சு, சர்க்கரையும் இருக்கு. ஒரு தனி ஆளின் மறதிக்கு இதில் எது காரணம் என்று எந்த ஆய்வும் பிரித்துச் சொல்லாது. அம்மாச்சி மேல் பழி போடாதே.

பிறகு மருமகளின் ரிப்போர்ட்டைக் கேட்டேன். ஹீமோகுளோபின் 9.1. கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். இந்தியாவில் 2019–21 கணக்கெடுப்பில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு இது இருந்தது. வாந்தி வருதுன்னு இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திப் பத்து நாள் ஆகுதாம். அங்கன்வாடி சத்துமாவு கன்னுக்குட்டிக்குப் போகுதாம். அந்த வீட்டில் மருமகள் சாப்பிட உட்காருவது எல்லாரும் எழுந்த பிறகு. மேசையில் மட்டும் ஆப்பிள்.

"நர்ஸ்கிட்ட வாந்தியைச் சொல்லி மாத்திரையை எப்படி எடுக்கலாம்னு கேளு. முட்டை குடுக்கச் சொல்லு. அவளை முதல்ல சாப்பிட வைக்கச் சொல்லு," என்றேன்.

"கடைசியா சொன்னதை சம்பந்தியம்மாகிட்ட யாருண்ணே சொல்றது?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நானே போய்ச் சொல்லலாம்னு இருக்கேன்.