பொற்கொல்லன் வாதமும் சிலம்பின் பரலும்

கோவலன் கொலையுண்டமைக்குக் காரணம் யாது என்னும் வினாவிற்குச் சிலப்பதிகார ஆராய்ச்சியாளர் பலரும் கூறும் விடை ஊழ்வினை என்பதே. இளங்கோவடிகள் தாமே பதிகத்தில் அதனை நூல் நுதலிய மூன்று உண்மைகளுள் ஒன்றாக வைத்தமையின், அவ்விடையை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும், ஊழ் எவ்வழியாக வந்து உருத்தது என்று மேலும் வினவுதல் வேண்டும். அது இடியாகவோ பாம்பாகவோ வரவில்லை. ஒருவன் சொல்லாக வந்து, பலர் செவியிற் புகுந்து, ஒருவன் கைவாளாக வெளிப்பட்டது. அச்சொல் எத்தகையது என்பதனை 16ஆவதாகிய கொலைக்களக் காதையில் அடிகள் விரிவாகவே காட்டியுள்ளார். கதைப்போக்கிற்கு வேண்டாத வருணனை எனச் சிலர் விரைந்து கடந்து செல்லும் அப்பகுதியே, மறைவான சூழ்ச்சி பற்றிய பொய் எங்ஙனம் மெய்யாகக் கொள்ளப்படுகிறது என்பதற்குத் தமிழில் உள்ள சிறந்த விளக்கம் என்பது நம் கருத்து.

நிகழ்ச்சியை முதற்கண் நினைவு கூர்வோம். கோப்பெருந்தேவியின் சிலம்பைக் கவர்ந்தவன் பொற்கொல்லனே. தன் குற்றம் வெளிப்படுமுன், விற்க வந்த அயலான்மேல் அதனை ஏற்றிவிட எண்ணுகின்றான். தேவியின் ஊடலைத் தணிக்க விரைந்து செல்லும் அரசன், ஆராயாது ஆணையிட்டுவிடுகின்றான். காவலர் வருகின்றனர். இதுவரை எல்லாம் பொற்கொல்லன் எண்ணியவாறே நிகழ்கின்றன. ஆனால், கோவலனைக் கண்ணுற்ற காவலர் தயங்குகின்றனர். நல்லிலக்கணம் அமைந்த இவன் கொலைக்குரிய கள்வன் அல்லன் என்கின்றனர். அரசன் செய்யத் தவறிய ஆராய்ச்சியை அவர்கள் தொடங்கிவிட்டனர். தோற்றத்தைக் கொண்டு ஒருவனைத் துணிதல் முழுமையான சான்று ஆகாது எனினும், ஆணையை நிறுத்தி வைத்து மேலும் வினவுதற்கு அது போதிய காரணமாகும்.

அத்தயக்கத்தைப் பொற்கொல்லன் எதிர்கொள்ளும் முறையே நம் ஆய்வுக்குரியது. கோவலன் திருடியதைக் கண்டேன் என்று அவன் கூறவில்லை. சிலம்பு தேவியுடையதே என்பதற்கு அடையாளம் எதுவும் நாட்டவில்லை. உள்ளுக்குள் நகைத்துவிட்டு, கள்வர்க்கு உரிய நூல்முறை ஒன்றை எடுத்தோதுகின்றான். தெய்வம், மருந்து, மந்திரம், கருவி, காலம், இடம், தந்திரம், நிமித்தம் என்னும் 8 துணைகள் அவர்க்கு உண்டாம். மந்திரம் வல்லராயின் நம் கண்ணுக்குப் புலப்படார். மருந்து வல்லராயின் நம்மை மயக்கி அசையவொட்டார். தெய்வத்தின் துணை பெற்றாராயின் களவாடிய பொருளைக் கையிலேந்திக் காட்டிக்கொண்டே அகன்றுவிடுவர். பின்னர், இளவரசன் மார்பிலிருந்த ஆரத்தைக் கவர்ந்து, அவன் வாளுருவியபோதும் தூணைக் காட்டி மறைந்தான் ஒருவன் என்று ஒரு கதையும் கூறி, அவனைக் கண்டவர் இருந்தால் காட்டுங்கள் என்று அறைகூவலும் விடுகின்றான்.

இவ்வாதத்தின் அமைப்பை உற்று நோக்குதல் வேண்டும். காவலர் கூறியது, இவனிடம் கள்வனுக்குரிய குறி இல்லை என்பது. பொற்கொல்லன் மறுமொழியின் சாரம், குறி இன்மையே தேர்ந்த கள்வனுக்குக் குறி என்பது. இனி எதனைக் கூறினும் பயனில்லை. கோவலன் அஞ்சினால் அவன் கள்வன். அஞ்சாதிருந்தால் நெஞ்சழுத்தமுடைய கள்வன். சிலம்பை மறைத்தால் கள்வன். வெளிப்படையாகக் காட்டினால் தெய்வம் தெளிந்த கள்வன். எச்செய்தி வரினும் தன்னை வலியுறுத்துவதாகவே கொள்ளும் வாதம், எந்தச் செய்தியையும் சார்ந்து நிற்பதன்று. அதற்கு வலிமைபோலத் தோன்றும் இப்பண்பே அதன் குறையாகும்.

இத்துணை நொய்ய வாதம் காவலரிடம் எங்ஙனம் வேரூன்றியது? காரணம் மூன்றனை அடிகள் நிரல்படக் காட்டுகின்றார். முதலாவது, அது நூலறிவின் கோலம் பூண்டு வந்தமை. எட்டு என்னும் தொகையும், ஒவ்வொன்றற்கும் விளக்கமும் கேட்போர்க்கு மதிப்பை விளைத்தன. இரண்டாவது, கேட்டோருள் ஒருவன் தன் பட்டறிவை அதனோடு இணைத்துக்கொண்டமை. மழைக்காலத்து நள்ளிரவில் கள்வன் ஒருவன் எதிர்ப்பட்டதையும், அவன் தன் வாளைப் பற்றிக்கொண்டு காணாமற் போனதையும் இளைய காவலன் கூறுகின்றான். அவன் பொய் கூறினான் அல்லன். ஆனால் அந்நிகழ்ச்சிக்கும் எதிரே நிற்கும் கோவலனுக்கும் தொடர்பு யாதும் இல்லை. மூன்றாவது, அச்சம். தவறினால் அரசன் தங்களை வருத்துவான் என்று கூறி, செய்யத்தக்கது யாது என்று அவ்விளையன் உடன் வந்தோரை வினவுகின்றான். அவ்வினாவிற்கு எவரும் விடை பகரவில்லை. கல்வியறிவற்ற குடிமகன் ஒருவன் வாளை வீசிவிடுகின்றான். நம்பியோன் ஒருவன், ஐயுற்றோன் ஒருவன், வெட்டியோன் மற்றொருவன். பொய் பரவுதற்கு எல்லாரும் அதனை நம்புதல் வேண்டுவதில்லை. ஐயுற்றோர் வாளாவிருத்தலே போதும்.

இது பழங்காலத்துக் கள்வர் கதை என்று தள்ளிவிடுதற்கும் இல்லை. 1894ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் படையைச் சார்ந்த ஆல்பிரட் டிரேபஸ் என்னும் யூத அலுவலர், செருமானியர்க்கு இரகசியங்களை விற்றார் எனக் குற்றஞ் சாட்டப்பட்டார். சான்றாகக் கொண்டது கையொப்பமில்லாத ஒரு கடிதம். அதன் எழுத்து டிரேபஸின் எழுத்தோடு முற்றும் ஒவ்வாதிருந்தது. குற்றவாளிகளை அடையாளங் காணும் துறையில் பெரும்புகழ் பெற்றிருந்த பெர்த்தியோன் அதற்குக் கூறிய விளக்கம், டிரேபஸ் தம் கையெழுத்தையே தாம் போலிசெய்து வேறுபடுத்தினார் என்பது. ஒற்றுமையும் குற்றத்திற்குச் சான்று. வேற்றுமையும் குற்றத்திற்குச் சான்று! கொலைக்களக் காதையின் பொற்கொல்லன் இதற்குமேல் என் கூறினான்? 1904இல் கணித அறிஞர் புவான்காரே உள்ளிட்ட மூவர் பெர்த்தியோனின் கணக்குகளை ஆராய்ந்து அவை பொருளற்றவை எனக் காட்டினர். 1906இல் டிரேபஸ் குற்றமற்றவர் என உயர்நீதிமன்றம் தீர்த்தது. கல்லாதவரே இவ்வகை வாதத்திற்கு இரையாவர் என்னும் எண்ணத்தை இவ்வரலாறு மறுக்கின்றது.

ஈண்டு ஒரு தடை எழும். சூழ்ச்சி என்பதே உலகில் இல்லையோ எனின், உண்டு. பொற்கொல்லன் செயலே சூழ்ச்சிதான். டிரேபஸ் வழக்கிலும், அவர்க்கு எதிராகப் படை அலுவலர் ஒருவர் போலிக் கடிதம் புனைந்தமை 1898இல் வெளிப்பட்டது. ஆதலின், ஐயுறுதல் குற்றம் அன்று. எல்லாச் சூழ்ச்சிக் கதையும் பொய் என்று முன்னரே துணிதலும் ஆராய்ச்சி அன்று. நாம் நோக்க வேண்டுவது ஒன்றே: இவ்வையம் தோற்பதற்கு இடந்தருகின்றதா?

அவ்வாறு இடந்தரும் ஐயம் எத்தகையது என்பதனை 20ஆவதாகிய வழக்குரை காதையில் கண்ணகி வாயிலாக அடிகள் காட்டுகின்றார். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று கண்ணகி கூறுகின்றாள். அவள் கூற்று முறையானது என ஏற்று, தம் சிலம்பின் பரல் முத்து என்று பாண்டியன் கூறுகின்றான். இரண்டும் சிலம்பு உடையுமுன் கூறப்பட்டவை. உடைத்தபின் முத்துத் தெறித்திருப்பின் கண்ணகி வழக்குத் தோற்றிருக்கும். அவள் தோற்கக்கூடிய இடத்தில் துணிந்து நின்றாள். பொற்கொல்லன் தோற்கவே இயலாத இடத்தில் ஒளிந்து நின்றான். இரு காதைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு இதுவே. மற்றும் ஒன்று: இத்தேர்வுக்கு மந்திரமோ அரிய நூலறிவோ வேண்டுவதில்லை. தேவியின் சிலம்பில் உள்ள பரல் யாது என்பதை அரண்மனை முன்னரே அறிந்திருந்தது. ஆணையிடுமுன் ஒரு வினா எழுப்பியிருப்பின் கோவலன் உயிர் பிழைத்திருப்பான்.

இவ்வளவைத் தமிழாராய்ச்சியாளராகிய நம்மேலும் வைத்துப் பார்த்தல் தகும். மறைந்த நூல் ஒன்றைப் பற்றிச் சான்று வினவியபோது, சான்றைப் பகைவர் அழித்துவிட்டனர், அழித்தமையே அதன் பெருமைக்குச் சான்று என்று விடை வருவதுண்டு. சுவடிகள் பல அழிந்தன என்பது உண்மை. ஆயினும், அழிவு அழிந்ததன் உள்ளடக்கத்தை நமக்குச் சொல்லாது. குண்டலகேசி முழுமையாகக் கிடைத்திலது. அது இருந்தது என்று நாம் துணிவது, அதனை மறுக்க எழுந்த நீலகேசியும் புறத்திரட்டில் எஞ்சிய செய்யுட்களும் உண்மையான். அது கண்ணகியின் வழி. முன்னது பொற்கொல்லன் வழி. நமக்கு உவப்பான முடிவிற்கு உதவும்போதுதான் பின்னதை இனங்காணுதல் அரிதாகின்றது.

இறுதியாக ஒன்று. பாண்டியன் உண்மையை அறிந்த அளவிலே தன்னையே கள்வன் எனக் கூறி உயிர் நீத்தான். தவற்றை ஏற்கும் அப்பேராண்மையை நாம் போற்றுகின்றோம். ஆனால் நூல் அங்கே முடியவில்லை. வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் 1000 பேரைக் கொன்று பத்தினிக்குச் சாந்தி செய்தான் என உரைபெறு கட்டுரை கூறுகின்றது. நீர்ப்படைக் காதையும் அதனைக் குறிக்கின்றது. ஒருவன் பொய்யை ஒரு தொழிற்குலம் முழுவதன் சூழ்ச்சியாகக் கொண்டு தண்டித்த அச்செயலின்போது, எவர் குற்றம் யாது என எவரும் வினவியதாக நூலில் இல்லை. கோவலனுக்காகக் கண்ணீர் வடிக்கும் நாம், அவ்வாயிரவர் இறந்த வரியைத் தயங்காமல் படித்துச் செல்கின்றோம். பொற்கொல்லன் வாதம் அவன் ஒருவனோடு ஒழியவில்லை. கற்போராகிய நம் தயக்கமின்மையில் அது இன்னும் உயிரோடிருக்கின்றது. காவலர் முதலில் தயங்கிய அந்த ஒரு கணத்தைக் காத்துக்கொள்வதே ஆராய்ச்சியின் கடன்.