மூத்த இலையின் சிவப்பு

குரோட்டன்ஸை உச்சி வெயிலில் பார்த்துவிட்டு அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்லக் கூடாது. சென்னையில் நமக்கு வாய்ப்பதெல்லாம் பெரும்பாலும் அப்படித்தான். கல்யாண மண்டப வாசலிலோ வங்கிப் படிக்கட்டிலோ தூசி படிந்த தொட்டியில் நிற்கும். வழுவழுப்பான இலையில் வெயில் பட்டுத் தெறிக்க, சிவப்பும் மஞ்சளும் சோகை பிடித்தாற்போல் தெரியும். அதே செடியை ஜூலை மாதத்தில் போர்ட் பிளேரில் பார்க்க வேண்டும். (2024இல் ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது; பேச்சில் பழைய பெயர் அவ்வளவு சீக்கிரம் போகாது.) மழை ஓய்ந்திருக்கும், வானம் மூடியே இருக்கும். நிழல் விழாத அந்த வெளிச்சத்தில் இலைமேல் கண்ணைக் கூசும் மினுக்கம் இராது. கழுவித் துடைத்த இலையின் உள்ளிருந்து நிறம் மெல்ல மேலே வரும். குரோட்டன்ஸ் அலங்காரச் செடிதானே என்று அலட்சியமாகப் பேசுகிறவர்களை அந்த நேரத்தில் ஜங்லிகாட் பக்கத்துச் சரிவு வீதி ஒன்றில் நடக்கவிட வேண்டும்.

அந்தமான் தீவுகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3000 மில்லிமீட்டர் மழை. சென்னைக்குக் கிடைப்பதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். இந்தியாவுக்கு வரும் தென்மேற்குப் பருவமழை மே மாதம் மூன்றாவது வாரத்தில் முதலில் இங்கேதான் இறங்கும். அது விலகும் முன்பே வடகிழக்கு வந்து சேரும். டிசம்பர் வரை ஈரம்தான். இதில் ரோஜா மொட்டிலேயே அழுகும். மல்லிகை அரும்பு விரியாமல் தரையில் கிடக்கும். செம்பருத்தியும் இட்லிப்பூவும் ஓரளவு தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். பூவை நம்பித் தோட்டம் போட்டவர் ஏழு மாதம் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும். இலையை நம்பியவருக்கு அதுவே திருவிழாக் காலம்.

நல்ல குரோட்டன்ஸ் ஒன்றை நுனியிலிருந்து கீழ்நோக்கிப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். தளிர் பச்சையும் வெளிர்மஞ்சளுமாகத்தான் வரும். அடுத்த அடுக்கில் நரம்புகள் பொன்னாகத் துலங்கும். இன்னும் கீழே வந்தால் அந்தப் பொன் ஆரஞ்சாகி, நரம்பை விட்டு இலைப்பரப்புக்குள் கசியத் தொடங்கியிருக்கும். அடியில் நிற்கும் மூத்த இலையில் பச்சை இருந்த இடத்தையெல்லாம் கருஞ்சிவப்பு பிடித்துக்கொண்டிருக்கும். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 'பெட்ரா' ரகத்திலேயே இந்தப் படிகளை எண்ணிப் பார்க்கலாம். மற்றச் செடிகளில் இலை மூத்தால் மஞ்சளித்து உதிரக் காத்திருக்கும். இதில் மூத்த இலைதான் செடியின் பெருமை. அதனால்தான் நர்சரியில் செடி வாங்கும்போது பளிச்சென்ற கொழுந்தைப் பார்த்து மயங்குகிறவரை நான் ரசிகராக ஏற்பதில்லை. அடி இலைகள் உதிராமல் நிற்கின்றனவா, அவற்றில் சிவப்பு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று குனிந்து பார்க்கிறவருக்கே விஷயம் தெரியும்.

இந்த நிறங்களுக்குப் பெயர் சொல்ல நர்சரி விலைப்பட்டியல் உதவாது. பட்டுக்கடைக்குத்தான் போக வேண்டும். மாந்தளிர், அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, வெங்காயச் சருகு என்று அங்கே புழங்கும் அத்தனை நிறமும் ஒரே செடியில் கிடைக்கும். இலையின் உள்ளே நடப்பதைச் சொல்வது எளிது. பச்சையத்துக்குக் கீழே மறைந்திருக்கும் கரோட்டினாய்டுகள் மஞ்சளையும் ஆரஞ்சையும் தருகின்றன. சிவப்பும் ஊதாவும் ஆந்தோசயனினின் வேலை. வெளிச்சம் போதாவிட்டால் ஆந்தோசயனின் சுரக்காது. வரவேற்பறை மூலையில் சோபாவுக்குப் பின்னால் வைத்த குரோட்டன்ஸ் சில மாதங்களில் பச்சைக்குத் திரும்புவது அதனால்தான். அதற்காக மொட்டைவெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் கருகும். மேகம் வடிகட்டித் தரும் நீண்ட பகல் வெளிச்சமும் காற்றில் குறையாத ஈரமும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். அந்தமானில் அது மாதக்கணக்கில் கிடைக்கிறது.

கிடைப்பதில் வியப்பில்லை. செடியின் பூர்வீகம் தீவுகள்தான். மொலுக்காஸ் தொடங்கி ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு, பசிபிக் தீவுகள் வரை அதன் வீடு. அதை எழுத்தில் பதிந்த முன்னோடிகளில் ஒருவர் ரம்ஃபியஸ். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அம்போன் தீவில் வேலை பார்த்தவர். 1670இல் இரண்டு கண்ணும் பார்வை இழந்த பிறகும் உதவியாளர்களை வைத்துக்கொண்டு அம்போன் தாவரங்களைப் பற்றிய பெருநூலை முடித்தார். அவர் இறந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் போன பின், 1741இல்தான் அது அச்சேறத் தொடங்கியது. இலையின் நிறத்துக்காகவே வளர்க்கப்படும் ஒரு செடி, கண் தெரியாதவர் எழுதிமுடித்த நூலில் இடம்பெற்றிருக்கிறது. 1860களில் லண்டனின் வீச் நர்சரியைச் சேர்ந்த ஜான் கூல்டு வீச் தென்கடல் தீவுகளுக்குப் போய்க் குரோட்டன்ஸையும் கார்டிலைனையும் கொண்டுவந்தார். விக்டோரியா காலத்துக் கண்ணாடி வீடுகளில் கணப்பு மூட்டி அவற்றை வளர்த்தார்கள். ஈரத்தையும் வெப்பத்தையும் காசு கொடுத்துச் செய்தவர்கள் அவர்கள். இங்கே தகரக் கூரையிலிருந்து ஒழுகும் தண்ணீருக்குக் கீழே பழைய பெயின்ட் வாளியை நகர்த்தி வைத்தால் போதும்.

தமிழர் ரசனையில் இலைக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. ஆனால் அது வாசனைக்காக. மரிக்கொழுந்து, துளசி, திருநீற்றுப்பச்சை என்று மாலைக்குள் போகும் இலைகளெல்லாம் மணப்பவை. நிறத்துக்காக இலையைப் பார்த்தவர்கள் சங்கப் புலவர்கள். பெண்ணின் மேனிக்கு மாந்தளிரை உவமை சொன்னவர்கள் சிவந்த கொழுந்தை உற்றுப் பார்க்காமல் சொல்லியிருக்க முடியாது. இடையில் அந்தக் கண்ணை நாம் கொஞ்சம் தொலைத்துவிட்டோம் என்று நினைக்கிறேன். வீட்டு முன்னால் ஒரு செடி வைத்தால் சாமிக்காவது தலைக்காவது உதவ வேண்டும் என்ற கணக்கு வந்துவிட்டது. தமிழ்நாட்டிலிருந்தும் பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தீவுகளுக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் அந்தக் கணக்கைத்தான் கூடவே கொண்டுவந்திருக்கும். மழை அதை மாற்றி எழுதிவிட்டது. இன்று தமிழர் வீட்டு வேலியோரம் செம்பருத்திக்குப் பக்கத்தில் குரோட்டன்ஸும் அக்கலிஃபாவும் சிவப்புக் கார்டிலைனும் வரிசை கட்டி நிற்கின்றன. ரகப் பெயரை யாரும் கேட்பதில்லை. "அந்தச் சுருட்டை இலைச் செடியில் ஒரு கொம்பு குடுங்கக்கா" என்பதோடு வியாபாரம் முடிந்துவிடும்.

நிறத்தை நிறமாகக் காட்டுவது பக்கத்தில் உள்ள பச்சை. தீவின் காடு அதை இலவசமாகத் தருகிறது. வீட்டுக்குப் பின்னால் மலைச்சரிவு முழுக்க நூறு வகைப் பச்சை. முன்னால் ஒரே ஒரு சிவப்புக் கார்டிலைன். கண் அங்கேயே போய் நிற்கும். இந்தச் சிக்கனம் தெரியாதவர்கள் பூங்காக்களை வடிவமைக்கும்போதுதான் வினை. எலுமிச்சை நிற டுரான்டாவைச் சதுரமாகக் கத்தரித்து, அதற்குள் ஊதா ஆல்டர்னான்தீராவால் எழுத்து எழுதி, நடுவில் குரோட்டன்ஸைக் குவித்து வைப்பார்கள். எல்லாமே கத்தும், ஒன்றும் கேட்காது. கத்தரித்த வேலியில் மூத்த இலைக்கும் வாய்ப்பில்லை. மாதம் ஒருமுறை வெட்டினால் எல்லாம் நிரந்தரக் கொழுந்துதான்.

வெளியூர்ச் செடிகளை இவ்வளவு கொண்டாடிவிட்டு உள்ளூரை விட்டுவிடக் கூடாது. சென்னைத் தெருக்களில் வீட்டு முன்னால் வெளிர்மஞ்சள் பச்சையாக நிற்குமே லச்சக்கொட்டைக் கீரை மரம், அந்தப் பைசோனியாவின் காட்டு உறவு அந்தமான் கடற்கரைகளில் தானாக வளர்கிறது. கடற்பறவைகள் தங்கும் சிறு தீவுகள் அதற்குப் பிடித்த இடம். பிசின்போல் ஒட்டும் அதன் காய்கள் பறவையின் இறகில் ஏறிக் கடல் தாண்டும். காட்டு மரத்தின் இலை சாதாரணப் பச்சை. வீடுகளில் வளர்ப்பது வெளிறிய வகை. அதுவும் வெயில் பட்டால்தான் எலுமிச்சை நிறம், நிழலில் பச்சை தட்டிவிடும். உப்புக்காற்றுக்கு அஞ்சாது, குச்சியை ஒடித்து நட்டால் பிழைக்கும், பறித்தால் அடைக்கும் பொரியலுக்கும் ஆகும். தமிழ்க் கணக்கும் ரசிகக் கணக்கும் ஒத்துப்போகும் அபூர்வமான மரம்.

காட்டுக்குள் போனால் நாகப்பூ மரம். புதுக்கொழுந்து விடும்போது மரம் முழுக்கச் செம்பு நிறத்தில் தொங்கும். வெப்பமண்டலக் காட்டு மரங்கள் பலவும் இலை முற்றும்வரை பச்சையத்தைத் தள்ளிப்போடுகின்றன. மென்மையான இலையைப் பூச்சி தின்றாலும் நஷ்டம் குறைவாக இருக்கட்டும் என்ற கணக்கு அது என்று தாவரவியலாளர்கள் விளக்கம் சொல்கிறார்கள். கடற்கரைக்கு வந்தால் நாட்டு வாதுமை உதிர்ப்பதற்கு முன் இலையைச் சிவப்பாக்கிக் காட்டும். அந்தச் சருகைச் சண்டை மீன் வளர்ப்பவர்கள் காசு கொடுத்து வாங்கித் தொட்டித் தண்ணீரில் போடுகிறார்கள். கிரேட் நிக்கோபாருக்குத் தென்கிழக்கே கடலைத் தாண்டினால் சுமத்ரா. அங்கத்திய அக்லோனிமா இனம் ஒன்றைக் கலந்துதான் இந்தோனேசியாவின் கிரிகோரி ஹம்பாலி 1980களில் 'சுமத்ராவின் பெருமை' என்ற சிவப்பு ரகத்தை உருவாக்கினார். இன்று நம் ஊர் நர்சரிகளில் விலை கேட்டால் திகைக்க வைக்கும் சிவப்பு அக்லோனிமாக்களின் முன்னோடி அதுதான். அடுத்த வீட்டுச் செடி உலகத்தைச் சுற்றிக்கொண்டு, சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி, கடலில் மூன்று நாள் இருந்துவிட்டுத்தான் போர்ட் பிளேருக்கு வருகிறது.

வளர்ப்பில் கைவேலை என்று சொல்லத்தக்கது பதியம். குரோட்டன்ஸ் விதையிலிருந்து வந்தால் தாயைப் போல் இராது. என்ன வரும் என்று பார்க்கிற சூதாட்டம் அது. பிடித்த நிறம் அப்படியே வேண்டுமென்றால் விண்பதியம் போட வேண்டும். பென்சில் பருமனுள்ள கிளையில் ஒரு அங்குலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, வழவழப்பான படலத்தைச் சுரண்டி, ஈரமான தென்னை நார்த்தூளை வைத்து, பாலித்தீன் தாள் சுற்றி இரண்டு பக்கமும் கட்டுவது. தீவில் மேல் கட்டுக்குத்தான் கவனம் வேண்டும். அதன் வழியே மழைத்தண்ணீர் இறங்கினால் வேர் வருவதற்குள் அழுகிவிடும். ஒன்றரை மாதத்துக்குள் தாளுக்கு உள்ளே வெள்ளை வேர் தெரியும். வெட்டும்போது வடியும் சாறு துணியில் பட்டால் கறை போகாது. சிலருக்குக் கையில் அரிப்பும் வரும்.

இலையின் நிறக்கோடு எல்லாச் செடியிலும் ஒரே விதமாக உண்டாவதில்லை. மஞ்சள் கரை போட்ட மருளின் இலையைத் துண்டாக்கி நட்டால் பிறக்கும் குட்டிகள் வெறும் பச்சை. அதன் கரை இலையின் வெவ்வேறு திசு அடுக்குகளில் வெவ்வேறு மரபு இருப்பதால் வருவது; துண்டிலிருந்து முளைக்கும் மொட்டுக்கு அந்த அடுக்கமைப்பு கிடைப்பதில்லை. பக்கக்கன்றைப் பிரித்து நட்டால்தான் கரை நிற்கும். இந்த வகைச் செடிகளில் திடீரென்று ஒரு முழுப்பச்சைக் கிளை கிளம்பினால் இரக்கப்படாமல் அடியோடு வெட்ட வேண்டும். பச்சையம் நிறைந்த கிளைக்கு உணவு அதிகம், வேகம் அதிகம். விட்டால் செடியையே விழுங்கிவிடும்.

எதிரிகளில் முதல் இடம் ஆப்பிரிக்க ராட்சத நத்தைக்கு. 1942 முதல் 1945 வரை தீவுகளைப் பிடித்து வைத்திருந்த ஜப்பானியர் கொண்டுவந்து விட்டது. மழை இரவில் கிளம்பி, காலைக்குள் கோலியஸ் பாத்தியைத் தண்டு மட்டும் மிஞ்ச மேய்ந்துவிட்டுப் போகும். டார்ச் விளக்கோடு போய்ப் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடுவதைத் தவிர நம்பகமான வழி எதையும் நான் பார்க்கவில்லை. ராஸ் தீவில் பிரிட்டிஷார் விட்ட புள்ளிமான்கள் வேறு ரகம். அவற்றின் வாய் எட்டும் உயரத்தில் இளஞ்செடி தலையெடுப்பது கடினம். தொட்டியில் நீர் தேங்குவது மூன்றாவது தொல்லை. அடியில் செங்கல் ஜல்லி போட வேண்டும். கரையில் கிடக்கிறதே என்று பவளத்துண்டைப் பொறுக்கிப் போட்டால் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். தவிர, அதன் சுண்ணாம்பு குரோட்டன்ஸுக்கு ஆகவும் ஆகாது.

ஜனவரி பிறந்ததும் நிலைமை தலைகீழ். ஏப்ரல் வரை மழை அரிது. குழாயில் வரும் தண்ணீரும் குறைந்துபோகும் மாதங்கள். காய்ந்த காற்றில் செஞ்சிலந்தி குரோட்டன்ஸ் இலையின் அடியில் வலை பின்னும். அரிசி கழுவிய தண்ணீரையும் பாத்திரம் அலம்பிய தண்ணீரையும் செடிகளுக்குப் பங்கு போட வேண்டியிருக்கும். கலேடியத்துக்கு மட்டும் கவலையில்லை. அமேசான் பக்கத்துச் செடி. வறண்ட காலத்தில் தூங்குவது அதன் பழக்கம். தாய்லாந்தில் அதை இலைகளின் ராணி என்று கொண்டாடி, ஒவ்வொரு ரகத்துக்கும் தனிப்பெயர் வைத்து வளர்க்கிறார்கள். ரத்த நரம்போடிய வெள்ளை இலைகள் டிசம்பர் கடைசியில் ஒவ்வொன்றாகச் சாயத் தொடங்கும்போது தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். கிழங்கைத் தோண்டி மண்ணை உதறி, இரண்டு நாள் நிழலில் ஆறவிட்டு, காய்ந்த மணலில் புதைத்துப் பரண்மேல் ஏற்றலாம். காலியான தொட்டியில் நான்கு மாதத்துக்குத் தண்டுக்கீரை போடலாம். சிவப்புத் தண்டு வகையாகப் பார்த்து விதைத்தால் நிறத்துக்கும் குறைவிராது.