பல் வைத்தியரை மதிப்பிடும் முறை

தையற்காரர் தைத்துக் கொடுத்த சட்டை பொருந்துகிறதா என்பது அணிந்த கணத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஆனால் கடைவாய்ப் பல் ஒன்றுக்கு ரூட் கெனால் செய்து, கேப்பும் பொருத்தி வைத்தியர் நம்மை வீட்டுக்கு அனுப்பும்போது, உள்ளே நடந்த வேலை எத்தகையது என்று அறிவதற்கு நமக்கு ஒரு மார்க்கமும் இல்லை. வலி நின்றுவிட்டது என்பது ஒன்றே நாம் கண்ட பலன். பல்லின் உள்ளிருக்கும் நரம்பை அகற்றிவிட்டால், வேர்க்குழாய்களை அரைகுறையாக அடைத்திருந்தாலும் வலி சில காலத்துக்கு நின்றுதான் போகும். இதற்கு மேல் இன்னொரு சங்கடமும் உண்டு. இன்ன நோய் என்று நிர்ணயிப்பவரும், இன்ன சிகிச்சை வேண்டுமென்று விதிப்பவரும், அதைச் செய்து ஊதியம் பெறுபவரும் பெரும்பாலும் ஒருவராகவே இருப்பது இத்தொழிலின் அமைப்பு. ஆகவே, நல்ல பல் வைத்தியரைத் தேர்ந்துகொள்ள ஜனங்கள் வழக்கமாகக் கையாளும் அளவுகோல்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றின் குணத்தையும் குற்றத்தையும் சீர்தூக்கிப் பார்ப்பது அவசியமான காரியம்.

முதல் அளவுகோல் பட்டம். 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம், பதிவு பெறாதவர் இத்தொழிலை நடத்துவதைத் தடுத்தது. இன்று பி.டி.எஸ். பட்டத்துக்குப் பயிற்சிக் காலமும் சேர்த்து ஐந்தாண்டுகளும், அதற்கு மேல் எம்.டி.எஸ். பட்டத்துக்கு மூன்றாண்டுகளும் ஆகின்றன. பெயர்ப் பலகையிலோ மருந்துச் சீட்டிலோ பதிவு எண் இருக்கிறதா என்று பார்ப்பது எவருக்கும் எளிது. அதைப் பார்க்காமல் நாற்காலியில் அமர்வது விவேகமன்று. ஆயினும் பட்டம் வாசலைத் தாண்டியதற்குச் சாட்சியே அன்றி, உள்ளே நடப்பதற்குச் சாட்சியாகாது. சென்னையில் சீனக் குடும்பத்தினர் சிலர் தலைமுறை தலைமுறையாகப் பல் வைத்தியம் நடத்திப் பேர் பெற்றதையும், பட்டம் இல்லாமலே முன்பிருந்து தொழில் செய்து வந்தவர்களைத் தனிப் பகுதியாகப் பதிவு செய்துகொள்ள அந்தச் சட்டமே இடம் வைத்ததையும் நினைத்துப் பார்த்தால், கைத்திறனுக்குக் கல்லூரி ஒன்றே ஊற்று அன்று என்பது விளங்கும். மேலும், கோணல் பற்களுக்குக் கிளிப் போடுவதில் எம்.டி.எஸ். பெற்றவர் ரூட் கெனாலில் நிபுணர் ஆகிவிடமாட்டார். சிக்கலான பல்லைத் தாமே தொடாமல், அதற்குரிய நிபுணரை வரவழைத்தோ அவரிடம் அனுப்பியோ உதவுகிற வைத்தியர், தம் அறிவின் எல்லையைத் தாமே வெளிப்படக் காட்டுகிறார். அவரை நம்பலாம் என்பதற்கு அது பட்டத்தினும் வலிய ஆதாரம்.

இரண்டாவது அளவுகோல், நம் ஊர்களில் கைராசி என்று போற்றப்படுவது. வலிக்காமல் பல்லைப் பிடுங்கினார் என்ற ஒரு சொல்லே ஒரு வைத்தியருக்கு ஊர் முழுவதும் கீர்த்தியைத் தேடித் தந்துவிடும். 1840-களில் ஹொரேஸ் வெல்ஸ், வில்லியம் மார்ட்டன் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர்கள் இருவர் மயக்க மருந்தைப் பல் பிடுங்குவதில் கையாண்டு காட்டும் வரையில் இந்தத் தொழில் எவ்வளவு கொடிய வேதனையோடு பிணைந்திருந்தது என்பதை எண்ணினால், இந்தக் கீர்த்தி நியாயமானதே என்பது புலப்படும். மரத்துப்போகும் ஊசியைப் போட்டுவிட்டு அது வேலை செய்யும் வரை பொறுத்திருப்பதும், நோயாளி கையை உயர்த்தினால் உடனே நிறுத்துவதும் நல்ல குணங்கள். பயம் நீங்கினால்தான் ஜனங்கள் நோய் முற்றுவதற்கு முன்பே வருவார்கள். ஆனால் பல்லின் பெரும் பகைகளான சொத்தையும் ஈறு நோயும் ஆரம்பத்தில் வலிப்பதே இல்லை. எனவே, வலி கொடுக்காத கை அவற்றைக் கண்டுபிடிக்கும் கண்ணும் உடையது என்று கொள்ள ஆதாரம் இல்லை.

மூன்றாவது அளவுகோல் சுத்தம். பளிங்குத் தரையையும் குளிரூட்டிய அறையையும் கண்டு சுத்தத்தை அளப்பது பெரும் பிழை. கருவிகளை ஆட்டோகிளேவ் என்னும் நீராவிக் கலத்தில் 121 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 15 நிமிஷமோ, 134 டிகிரியில் 3 நிமிஷமோ வைத்தால்தான் கிருமிகளின் வித்துக்களும் அழியும். வெறும் வெந்நீரில் கொதிக்க வைப்பது போதாது. இந்த விஷயத்தில் அசட்டை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வாணியம்பாடியில் நேர்ந்த துயரமே பிரத்தியட்சப் பிரமாணம். 2023-இல் அங்கே ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்றவர்களிடையே மெலியாய்டோசிஸ் என்னும் நோய் மூளையைத் தாக்கி, எட்டு உயிர்கள் போயின. சுத்திகரிக்கப்படாத கருவியால் சலைன் பாட்டிலைத் திறந்து, சரிவர மூடாமல் வைத்து, மீண்டும் மீண்டும் உபயோகித்ததே கிருமி பரவிய வழி என்று அதை ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். கொடுமை விளைந்தது விலையுயர்ந்த யந்திரம் இல்லாமையால் அன்று. ஒரு பாட்டிலைப் பற்றிய ஒழுங்கு இல்லாமையால். ஆகையால் நோயாளி கவனிக்க வேண்டியது இதுதான்: மூடி முத்திரையிட்ட உறையிலிருந்து கருவிகள் நம் கண்ணெதிரே எடுக்கப்படுகின்றனவா, கையுறை ஆளுக்கு ஆள் மாற்றப்படுகிறதா என்பது. இதைப் பற்றிக் கேட்டால் முகம் சுளிக்காமல் காட்டுகிறவர், சுத்தத்தை ஒரு விரதமாகக் கொண்டவர்.

நான்காவது அளவுகோல் கட்டணம். அதிகம் கேட்பவரை வஞ்சகர் என்றும், குறைவாகக் கேட்பவரைத் தர்மவான் என்றும் கொள்வது வழக்கம். இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. 1997-இல் ரீடர்ஸ் டைஜஸ்ட் பத்திரிகைக்காக ஒரு நிருபர் அமெரிக்காவின் 28 மாநிலங்களில் 50 பல் வைத்தியர்களிடம் தம் ஒரே வாயைக் காட்டியபோது, அவர்கள் சொன்ன செலவு ஏறக்குறைய 500 டாலரிலிருந்து 30,000 டாலர் வரையில் வேறுபட்டது. ஜூரிச் நகரில், சிகிச்சை தேவைப்படாத மேலோட்டமான பழுது மட்டுமே உள்ள ஒருவரை 180 வைத்தியர்களிடம் அனுப்பி நடத்தி, 2020-இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 28 பேர் வேண்டாத சிகிச்சையைச் சிபாரிசு செய்தார்கள். நோயாளிகள் காத்திருக்க வேண்டிய காலம் குறைவாக இருந்த இடங்களில் இது மிகுதி என்பதும் அதில் தெரிந்தது. ஆனால் கருத்து வேற்றுமை எல்லாவற்றையும் நாணயக் குறைவு என்று தீர்த்துவிடுவது அநியாயம். பல்லின் மேற்பூச்சில் தொடங்கும் சொத்தையை ஃபுளோரைடு தடவிப் பார்த்துக்கொள்ளலாம் என்பாரும், உடனே குடைந்து அடைக்க வேண்டும் என்பாரும் இருவருமே யோக்கியர்களாக இருக்கக்கூடும். நவீனப் பல் வைத்தியத்தின் ஆசானாக மதிக்கப்படும் ஜி. வி. பிளாக், மேலும் சொத்தை வராமல் காக்கும் பொருட்டு நல்ல பகுதியையும் சேர்த்துக் குடைய வேண்டும் என்று நல்லெண்ணத்தோடுதான் உபதேசித்தார். இயன்ற வரை பல்லைக் காக்க வேண்டும் என்ற கொள்கை பின்னர் அதனை விலக்கியது. கட்டணத் தொகை ஆசையையும் அறியாமையையும் பிரித்துக் காட்டுவதில்லை. காரணத்தைக் கேட்டால்தான் அவை பிரிந்து தெரியும்.

இந்த நான்கிலும் ஊடுருவி நிற்கும் ஒரு குணத்தைக் கவனித்தால், நமக்கு வேண்டிய அளவுகோல் கிடைத்துவிடுகிறது: தம் காரியத்தைப் பிறர் பரிசோதிக்க இடம் கொடுப்பவரே நல்ல பல் வைத்தியர். அவர் பல்லைத் தொடுவதற்கு முன்னால் சர்க்கரை நோய் உண்டா, ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுகிறோமா, கர்ப்பமா என்று விசாரிக்கிறார். வலிக்கும் பல்லை மட்டும் பாராமல் ஈறுகள் முழுவதையும் சோதிக்கிறார். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் காட்டி, நோய் எங்கே இருக்கிறது என்று சொல்கிறார். பிடுங்குவது, காப்பாற்றுவது, இப்போதைக்குத் தொடாமல் விடுவது ஆகிய வழிகளையும் அவற்றின் செலவையும் எடுத்துரைத்து, முடிவை நம்மிடம் விடுகிறார். ரூட் கெனால் செய்யும்போது, 1864-இல் சான்ஃபோர்டு பார்னம் கண்டுபிடித்த ரப்பர் திரையைப் பல்லைச் சுற்றிப் பொருத்தி, எச்சில் உள்ளே புகாமலும் கருவி தொண்டையில் விழாமலும் காக்கிறார். அவசரக்காரர்கள் முதலில் கைவிடுவது இதைத்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாருங்கள் என்று எல்லாருக்கும் ஒரே விதி சொல்லாமல், வாயின் நிலையைப் பார்த்துக் காலம் குறிக்கிறார். 2004-இல் இங்கிலாந்தின் நைஸ் என்னும் சுகாதார வழிகாட்டு நிறுவனம் பெரியவர்களுக்கு 3 மாதம் முதல் 24 மாதம் வரை ஆளுக்குத் தக்கபடி இடைவெளி வைக்கலாம் என்று வகுத்ததன் நியாயம் இதுவே.

இந்த அளவுகோலுக்கும் குறைகள் இல்லாமல் இல்லை. விளக்கம் வியாபாரத் தந்திரமாகவும் அமையலாம். திரையில் பெரிதாக்கிக் காட்டிய ஒரு கறை, பார்ப்பவர் மனத்தில் பீதியைக் கிளப்பிவிடும். பொறுத்துப் பார்ப்போம் என்பது சோம்பலுக்கும் போர்வையாகலாம். கூட்டம் நெருக்கும் அரசு மருத்துவமனையில், சம்பளத்துக்கு மட்டுமே உழைத்து, ஒரு பல்லைக்கூட வீணாகப் பிடுங்காத வைத்தியருக்கு நின்று விளக்க அவகாசம் இராது; அவரை வாய்ச்சொல் குறைவு என்று தாழ்த்துவது பாவம். குற்றம் நம் பக்கத்திலும் உண்டு. மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும், ஸ்கேலிங் செய்தால் பல் ஆடிவிடும் என்ற வீண் நம்பிக்கைகளை விடாமல், வலி அடங்கியதும் ரூட் கெனாலைப் பாதியில் விட்டு வராமலே போகிற நோயாளிக்கு எந்த வைத்தியரும் நல்லவராகத் தோன்றமாட்டார்.

ஆனால் மெய்யையும் வேஷத்தையும் பிரிக்க எளிய உபாயம் ஒன்று உண்டு. பொறுத்துப் பார்ப்போம் என்று சொன்னவர் அதைத் தேதியிட்டு எழுதி வைத்து, அடுத்த முறை பழைய படத்தோடு புதியதை ஒப்பிடுகிறாரா என்று பார்க்க வேண்டும்; அவசரமாகச் செய்ய வேண்டும் என்று சொன்னவரிடம், வேறொரு வைத்தியரின் அபிப்பிராயத்தையும் கேட்க விரும்புகிறேன் என்று பணிவோடு தெரிவித்து எக்ஸ்ரேயின் பிரதியைக் கேட்க வேண்டும். உண்மையான காரணம் உடையவர் அதைத் தயங்காமல் கொடுப்பார். காரணம் இல்லாதவருக்கு அந்தக் கேள்வியே அபராதமாகப் படும். அப்படிப் பெற்ற படங்களையும் சீட்டுகளையும் ஒரு குடும்பம் ஆண்டு வரிசையில் சேர்த்து வைத்தால், எந்தப் பல் எப்போது அடைக்கப்பட்டது, எத்தனை காலம் நின்றது என்பது தானாக வெளிப்படும். ஒரு வைத்தியரின் தரத்தைப் பற்றி இதைவிட நேர்மையான தீர்ப்பு வேறு கிடையாது. அந்தத் தீர்ப்புக்கு நல்லவர் அஞ்சவேண்டியதில்லை. நாமும் அதைக் கேட்கக் கூச வேண்டியதில்லை.